எதிர்பார்ப்பு: ஒன்றும் இல்லை

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் இரண்டாவது மாடியில் பதினாறு வருடமாக ஒரே அறையில் இருக்கிறேன். இதற்குள் சுவருக்கு மூன்று முறை வர்ணம் மாற்றிவிட்டார்கள். உள்ளே இருப்பவன் மட்டும் மாறவில்லை. என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். போகும்போது, "உனக்கு உதவும்" என்று பக்கெட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என்னிடம் இப்போது ஏழு பக்கெட் இருக்கிறது.

வேலை ஈக்காட்டுத்தாங்கலில். கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் மென்பொருள் அலுவலகம். கீழே கடைகிற சத்தத்தில் மேசையில் டீ நடுங்கும். சாயங்காலம் அவர்கள் கடைந்த சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நாங்கள் அன்றைக்கு என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால் திரையைக் காட்டி, "இங்க ஒரு பட்டன் வந்திருக்கு பாருங்க" என்போம். இருபது வருடமாகப் பட்டன் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வருடம் மயிலாப்பூரில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு வரன் பொருத்துகிற புரோகிராம் எழுதித் தரும் வேலை வந்தது. முதலாளி எல்லோருக்கும் முன்னால் என்னைக் காட்டி, இவனையே அனுப்புவோம், போன இடத்தில் இவனுக்கும் ஒரு வழி பிறக்கட்டும் என்றார். அலுவலகமே சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். அது என் வழக்கம். நாமே ஆரம்பித்து வைத்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

மையம் கோயில் குளத்துக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. மெட்ரோவுக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புகளைச் சுற்றிச் சுற்றிப் போனால் வரும். நடத்துபவர் ஒரு மாமி. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கும் மறுமணத்துக்கும் மட்டும்தான் பார்ப்பார். ஏன் என்று கேட்டேன். "சின்ன வயசுக்காராளுக்கு ஃபோன்லயே ஆயிரம் வழி இருக்கு. இங்க வர்றவா, அந்த ஆயிரத்தையும் பாத்துட்டு வர்றவா" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கடிதத்தின் பின்கோடைப் பார்க்கிற பார்வை.

பதிவு செய்கிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வயது, உயரம், படிப்பு, வேலை, வீடு, மதம், சாதி, சமையல் தெரியுமா, குழந்தைகள் உண்டா என்று இருபத்திரண்டு கட்டங்கள். கடைசிக் கட்டம் எதிர்பார்ப்பு. வரப்போகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காற்புள்ளி போட்டு எழுத வேண்டும்: மது கூடாது, சொந்த வீடு, அடையாறு பக்கம். மாமிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. மங்கள காரியத்துக்கு வந்த காகிதம் மூளியாக இருக்கக் கூடாதாம். யாராவது விட்டுவிட்டால் பேனாவைத் திருப்பிக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்.

புரோகிராம் என்று நான் எழுதியது பெரிய வித்தையல்ல. இரண்டு பட்டியல்கள். ஒன்றில் ஆட்களும் அவர்களைப் பற்றிய விவரங்களும். இன்னொன்றில் ஒருவருடைய நிபந்தனைகள். முதல் பட்டியலில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இரண்டாவது பட்டியலின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் முன்னால் நிறுத்த வேண்டும். நிபந்தனையில் கேட்டது அவருடைய விவரங்களில் இருந்தால் அடுத்த நிபந்தனைக்குப் போகலாம். எல்லாவற்றிலும் தேறினால் உள்ளே, ஒன்றில் தவறினாலும் வெளியே. பிறகு இதையே மறுபக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும். மொத்தம் பதினோரு வரி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொண்டது.

ஆனால் அனுபவஸ்தன் அல்லவா, ஒரு படி மேலே யோசித்தேன். ஒருவர் நிபந்தனையே சொல்லவில்லை என்றால்? கட்டம் காலியாக இருந்தால் எல்லோரும் தேறியதாக வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒன்றும் கேட்காதவருக்கு எல்லோரையும் காட்ட வேண்டும், அதுதானே நியாயம். அந்த வரியை எழுதிவிட்டு ஒரு பெருமையோடு கீழே போய் டீ குடித்தது நினைவிருக்கிறது.

ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அடுத்தவர் படிவத்தில் கை வைக்க வேண்டாமே என்று முதல் வரிசையில் என்னையே போட்டேன். வயது நாற்பத்து மூன்று. வீடு: மேன்ஷன் அறை. சமையல்: தெரியாது. கடைசிக் கட்டத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். பின்னால் நின்ற மாமி, "அங்க மட்டும் ஏன் மூளியா விடறேள்?" என்றார். 'ஒன்றும் இல்லை' என்று அடித்தேன்.

மாமி இருநூற்றுச் சொச்சம் படிவங்களைத் தானே தட்டச்சு செய்து முடித்த பிறகு, எனக்குப் பொருத்தமானவர்களைத் தேடிப் பார்த்தேன். கணினி வட்டம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு வெள்ளைத் திரையைக் காட்டியது. கீழே பூஜ்யம்.

இருபது வருடத்தில் நான் எழுதிய எதையும் முதல் தடவையே நம்பியதில்லை. கூட்டல் சரியாக வந்தால்கூடத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். இதை மட்டும் நம்பினேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று மாமியிடம் சொல்லிவிட்டு, தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் எல்லோருக்கும் பட்டியல் அச்செடுத்துத் தருவது என் வேலையாயிற்று. மாமி காபி கொடுப்பார். நான் என் பட்டியலையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். பூஜ்யம். இப்படியே எட்டு மாதம் போயிற்று. கல்யாணங்களும் நடந்தன. மாமி ஒரு பெட்டி லட்டு கொடுத்தார், மேன்ஷனில் பங்கிட்டுக் கொடுத்தேன். "உன்னோடதா?" என்று கேட்டார்கள். என்னுடையதாக இருந்தால் என் பக்கெட்டெல்லாம் உங்களுக்கு வந்திருக்கும் என்றேன்.

எட்டாவது மாதம் ஒரு பெண் வந்தார். தியாகராய நகரில் ஒரு பெரிய புடவைக் கடையில் மூன்றாவது மாடிக்கு மேற்பார்வையாளர். மாமி பதினைந்து வருடமாக அவரிடம்தான் புடவை எடுக்கிறார். பதிவு செய்ய வைத்ததும் மாமிதான். ஞாயிறு கடையில் கூட்டம் நெரிகிற நாள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுச் சீருடைப் புடவையிலேயே வந்திருந்தார். மாமி உட்காரச் சொன்னதும் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் மொசைக் தரையில் பதித்துக் கண்ணை மூடினார். தரையின் குளிர்ச்சி காலில் ஏறுகிறவரை அப்படியே இருந்தார். பிறகு கைப்பையில் இருந்து எட்டுத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் நான் அச்சடித்துக் கொடுத்தவை. மேலே அவர் பதிவு எண். கீழே வெள்ளை.

விஷயம் இதுதான். கடை கோயம்புத்தூரில் கிளை திறக்கிறது. அங்கே மாடிப் பொறுப்புக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் பதில் சொல்ல வேண்டும். போனால் எட்டுப் பேர் இருக்கிற ஹாஸ்டல் அறை. அதோடு இந்தத் தேடலை முடித்துக்கொள்வது என்று அவர் தீர்மானித்திருந்தார். போவதற்கு முன்னால் மாமியிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"புடிக்கலன்னு சொல்றதுக்குக்கூட ஒரு ஆளு வரல மாமி. கருப்பா கீறே, வயசாயிடுச்சி, இன்னா வேணா சொல்லட்டும். சொல்றதுக்கு ஒருத்தன் வரணும் இல்ல? நாளைக்கு நான் போறேன்னு சொல்லிட்டா அவ்ளோதான். இன்னிக்கு ஒரு பேராவது குடுங்க."

மாமி என்னைப் பார்த்தார். நான் எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படுவதைச் சொன்னேன். புரோகிராமில் தப்பில்லை, இருக்கிற விவரங்கள் அப்படி, உங்கள் எதிர்பார்ப்புக்குப் பொருந்துகிறவர் இப்போதைக்கு யாரும் இல்லை. குரலில் கொஞ்சம் அனுதாபத்தையும் சேர்த்துக்கொண்டேன். மாமி ஒரு டம்ளர் காபியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நான் இன்னா சார் எதிர்பார்த்தேன்?"

அதைப் பார்த்துச் சொல்லலாம் என்று அவருடைய வரிசையைத் திறந்தேன். கடைசிக் கட்டத்தில் மாமியின் சுத்தமான தட்டச்சில் இருந்தது: ஒன்றும் இல்லை. வாய்விட்டுப் படித்தேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். கடையில் வந்து, குறிப்பா ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருந்தா எடுத்துக்கலாம் என்று சொல்கிறவர்கள்தான் அவர்களுக்குப் பெரிய வேலையாம். இன்ன நிறம், இன்ன பார்டர் என்று கேட்பவர்களுக்கு நாலு புடவை போட்டால் போதும். ஒன்றும் சொல்லாதவர்களுக்கு அலமாரி முழுக்க இறக்க வேண்டும்.

"நீங்க இன்னாடான்னா, ஒண்ணும் இல்லன்னு சொன்னவங்களுக்குக் கடையையே சாத்திட்டீங்க போல" என்றார்.

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும், திரையில் ஏதோ சின்ன எழுத்தைப் படிப்பவன் போல முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். முகத்தை வைக்க அப்போது வேறு இடம் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கட்டம் காலியாக இருந்தால் எல்லோரையும் காட்டு என்று நான் எழுதியிருந்தேன். ஆனால் மாமியின் மையத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருந்ததே இல்லை. எனவே அந்தப் பெருமைக்குரிய வரி எட்டு மாதமாக ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. புரோகிராம் பாவம், ஒன்றும் இல்லை என்பதையும் ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி, இவருடைய விவரங்களில் எங்கேயாவது 'ஒன்றும் இல்லை' இருக்கிறதா என்று தேடியது. பி.காம். இருந்தது, சர்க்கரை நோய் இருந்தது, கொட்டிவாக்கத்தில் வீடு இருந்தது. அது இல்லை. எல்லோரும் வெளியே.

இதை மாமியிடம் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. மாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான்தானே மூளியா விடாதேன்னு எழுத வெச்சேன்" என்றார். பிறகு, முப்பது வருடம் கடிதம் பிரித்தவர் அல்லவா, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். ஒன்றும் இல்லை என்பதை ஜனங்கள் பல விதமாக எழுதுவார்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன், அடித்துக்கொள்ளுங்கோ என்றார். எதுவும் சரி. ஆண்டவன் விட்ட வழி. நேரில் பேசிக்கொள்ளலாம். பெரியவர்கள் பார்த்துச் செய்வது. மாமி படிவங்களைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார், நான் மூன்றாவதாக ஒரு பட்டியல் போட்டேன். இதில் இருக்கிற எதைக் கண்டாலும் அதை நிபந்தனையாக எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல மனசு இருந்தால் போதும் என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்தது. அதையும் சேர்க்கலாம் என்றேன் நான். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. அது ஒன்றும் இல்லை என்பது ஆகாதாம், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனையாம். அப்படியானால் இருபத்திரண்டு கட்டங்களில் மனசுக்கு ஒரு கட்டம் இல்லையே என்றேன். மாமி யோசித்தார். "சரி, சேத்துடுங்கோ" என்றார் களைப்பாக.

கணக்கெடுத்தபோது நாற்பத்தொரு பேர் இப்படி விடுபட்டிருந்தார்கள். சொந்த வீடும் சிவந்த நிறமும் கேட்டவர்களுக்கு எட்டு மாதமாகப் பட்டியல் போயிருக்கிறது. பார்த்துப் பார்த்து அலுத்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று வந்தவர்களுக்கு வெள்ளைத் தாள் போயிருக்கிறது. அதுவும் என் கையால், மாதா மாதம், அச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தது.

வரியைச் சேர்த்து அவருக்கு ஓட்டினேன். மறுபக்கத்து நிபந்தனைகளில் அவர் தேறாத இடங்களைக் கழித்த பிறகும் இருபத்தாறு பேர் வந்தார்கள். அச்செடுத்துக் கொடுத்தேன். சரக்கு வந்த சீட்டைச் சரிபார்ப்பதுபோல விரலை வைத்துக்கொண்டு படித்தார். விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"மேன்ஷன் ரூமு. சமையல் தெரியாது. எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்ல." அவர் தலையைத் தூக்கினார். "இவருக்கும் எட்டு மாசமா வெறும் பேப்பர்தானே போயிருக்கும், பாவம். வந்து கேக்கலியா மாமி இந்த ஆளு?"

மாமி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சோதிப்பதற்காகப் போட்ட ஆளை நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். எட்டு மாதமாக நீக்காமல் வைத்திருந்ததற்கு என்ன காரணம் சொல்வது என்று விசிறியில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் முதலில் சிரிக்கத் தயாராகவும் இருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்களே எழுதுன புரோகிராமு. உங்களுக்கே ஒண்ணும் வரல. தப்பா இருக்குமோன்னு சந்தேகம் வரலியா சார்?"

"வரலைங்க."

"ஏன்?"

"சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. அவர் எட்டு வெள்ளைத் தாள்களையும் ஒன்றாக அடுக்கி, விளிம்பைத் தட்டி நேராக்கினார்.

"நானும் அப்டித்தான் சார் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பர்மிஷன் முடியப் போகிறது. இருபத்தாறு பேரைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். புடவை முடிவு செய்ய முடியாமல் திணறுகிறவர்களிடம் கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்களாம்: எங்கே கட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டால் மலை மாதிரிக் கிடக்கிற புடவையில் மூன்று நிற்குமாம். தன் படிவத்தை எடுக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: சமையல் தெரியும்.

"பத்து மணி நேரம் நிக்கிறேன் மாமி. ஊட்டுக்குப் போயும் அடுப்பாண்ட நிக்க முடியாது. யாராச்சும் ஆக்கிப் போட்டா உக்காந்து துன்னணும். அவ்ளோதான் என் ஆசை."

எழுதியதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். என் பத்து விரல்களாலும் அடித்தேன், நானே ஓட்டினேன். புரோகிராம் வரிசைப்படி முதல் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தியது. சமையல் தெரியுமா? தெரியாது. வெளியே. எட்டு மாதத்தில் அது செய்த முதல் சரியான வேலை என்று சொல்ல வேண்டும். கடைசியில் மூன்று பேர் நின்றார்கள்.

மாமி அப்போதே ஃபோன் போட்டார். முதல் நபர் எடுக்கவில்லை. இரண்டாமவர் அபிராமபுரத்தில் ஒரு அலுவலகக் கேன்டீனைப் பார்த்துக்கொள்பவர், மனைவியை இழந்தவர். செவ்வாய்க்கிழமை மையத்துக்கு வருவதாகச் சொன்னார். செவ்வாய்தான் அந்தப் பெண்ணின் வார விடுமுறை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று மாமி கேட்டார். கோயம்புத்தூருக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லப்போவதாகச் சொன்னார். "வர்றவரு வாணாம்னு சொன்னாக்கூடப் பரவால்ல மாமி" என்று சொல்லிவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார்.

அடுத்த மாதம் போனபோது மாமி சொன்னார். அவர் கோயம்புத்தூர் போகவில்லை. கேன்டீன்காரர் முதல் நாளே ஒரு டிபன் கேரியரோடு வந்தாராம். "அவ சாப்பிட்டுண்டிருந்தா, அவர் பாத்துண்டிருந்தார்" என்றார் மாமி. அதற்கு மேல் தானும் கேட்கவில்லை என்றார்.

என் பட்டியல்? புரோகிராமைச் சரிசெய்த அன்றே அதையும் அச்செடுத்தேன். பத்தொன்பது பேர். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பூஜ்யம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பக்கெட் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். பத்தொன்பது பேர் என்றால் ஃபோன் போட வேண்டும். ஒரு மாதம் அந்தத் தாளைச் சட்டைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை துவைத்தும்விட்டேன்.

யாரையாவது கூப்பிட்டேளா என்று மாமி கேட்டார். வேலை அதிகம் என்றேன். மாமி நம்பவில்லை. புடவைக்கடையில் இருந்து எனக்கு ஒரு சேதி வந்திருப்பதாகச் சொன்னார். அந்த சாரை ஒருத்தரிடமாவது போய் வேண்டாம் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

கீழே வந்து, தகரத் தடுப்பு ஓரத்தில் நிழலாக ஒரு இடம் பார்த்து நின்று, துவைத்ததில் தப்பித்த எண்களில் முதலாவதற்குக் கூப்பிட்டேன். எடுத்த பெண், யார் என்று கேட்டார். பதிவு எண்ணைச் சொன்னேன். சமையல் தெரியாது என்பதையும் கேட்காமலே சொல்லிவிட்டேன். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"தண்ணி வந்திருக்கு. பக்கெட் வழியுது. சாயங்காலம் பேசறீங்களா?" என்றார்.

பேசுகிறேன் என்றேன். பக்கெட்டைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று சொல்ல வந்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.